காதோரத்துத் துடிப்பு

இந்த நாற்காலி முதுகுக்கு ஆகாது. விசாரணை அறைக்கு இதைப் பார்த்துப் பார்த்து வாங்கியவரின் மண்டையை ஒருநாள் நான் திறந்து பார்க்க வேண்டும்.

உங்கள் மூவரில் யாரும் மூளை அறுவை மருத்துவர் இல்லை. அதனால் எளிதாகவே சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வந்தது மோயாமோயா என்ற அபூர்வ நோய். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் சுருங்கிக்கொண்டே வரும். அதை ஈடுகட்ட, புகைபோல மெல்லிய குழாய்கள் முளைக்கும். பெரியவர்களுக்கு இதற்குக் கத்தி வேண்டாம், மாத்திரை போதும் என்பது என் கருத்து. அதாவது, துறைத் தலைவரின் கருத்து.

என் உதவியாளனுக்கு அது போதவில்லை. நர்சுகள் அவனை 'டெய்லர்' என்பார்கள். நான் விடுப்பில் இருந்தபோது, அவளுடைய இடது காதுக்கு முன்னால் துடிக்கும் குழாயைப் பிரித்தெடுத்து, அதன் வழியே மூளைக்கு ரத்தம் போகும்படி மூளைக் குழாயோடு தைத்துவிட்டான்.

அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். அடிக்கடி பேச்சு திக்கி நின்றதால்தான் எங்களிடம் வந்தாள். விடுப்பு முடிந்து வார்டுக்குப் போனேன்.

"என்னம்மா, பேச்சு வருதா?"

"நல்லா வருது டாக்டர். நீங்கதான் ஆபரேஷன் ஆகாதுன்னு பயமுறுத்திட்டீங்க. சின்ன டாக்டர் அசத்திட்டாரு."

"இனிமே வீட்லயும் அறிவிப்புதான் சார்" என்றான் புருஷன். நர்சுகள் சிரித்தார்கள்.

தலைக்கட்டு தளர்வாக இருந்தது. தளர்வாகத்தான் இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடிக் காம்புகூட அந்த இடத்தில் அழுந்தக் கூடாது என்று டெய்லர் வார்டு முழுக்கப் பாடம் நடத்தியிருந்தான். எனக்கும் சேர்த்து.

நானே புதுக் கட்டு போட்டேன்.

"ரொம்ப இறுக்குது டாக்டர்."

"கட்டுன்னா இறுக்கத்தான்மா செய்யும். யாரும் அவுக்காதீங்க."

தலைவர் போட்ட கட்டு. அதைத் தொட இங்கே யாருக்குத் தைரியம்?

சாயங்காலம் அவளுக்குப் பேச்சு நின்றது. வலது கையும் விழுந்தது. தையல் அடைத்துக்கொண்டது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். டெய்லர் அதை நம்பி அழுதான். அவ்வளவுதான் அவன் கெட்டிக்காரத்தனம். திறந்து பார்த்தபோது தையலில் ஒரு குறையும் இல்லை. அதனால்தானே என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்?

கைத்தவறா என்று கேட்டு என்னை அவமானப்படுத்தாதீர்கள். என் விரலுக்கடியில் அந்தக் குழாய் துடித்தது. துடிப்பு நிற்கும்வரை சுற்றினேன்.

அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன். என்னைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.