எல்லார் வாய்க்கும் எட்டும் மைக்

உருவத்தில் நெடியவரே, பொறுமையில் அதைவிட நெடியவரே, இந்த அவைக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் எங்கள் நகரமன்றத் தலைவரே! வயதிலும் தொழிலிலும் எனக்கு மூத்து, முன்வரிசையை முழுதும் நிறைத்திருக்கும் பெரியோர்களே! கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்களும், பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டு வந்தவர்களுமாக இந்த மண்டபத்தையே நம் தெருவாக மாற்றிவிட்ட தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சுவரோரம் சாய்ந்து நின்றபடி, வாசலில் விட்ட வண்டியை அடிக்கடி திரும்பிப் பார்க்கும் தோழர்களே! குழாயும் கொக்கியும், ஆணியும் திருகும் விற்றுப் பிழைக்கும் இந்தக் கடைக்காரன் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

இன்று நமக்கு வெற்றித் திருநாள். நம் தெரு நிலைத்த நாள். நாவுக்கு நியாயம் கிடைத்த நாள். இந்த நாளில் எதைப் பற்றிப் பேசப் போகிறேன் தெரியுமா? வீரத்தைப் பற்றியா? இல்லை. தியாகத்தைப் பற்றியா? அதுவும் இல்லை. இதோ, என் எதிரே நிற்கிறதே இரும்புக் கம்பி, இந்த மைக் ஸ்டாண்டைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு தெருவே இந்தக் கம்பியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

முதலில் ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். நான் ஊருக்கு உழைக்கப் பிறந்தவன் இல்லை. என் கடை அந்தத் தெருவில் இருக்கிறது. தெரு போனால் கடை போகும், கடை போனால் நான் போவேன். அதனால்தான் ஓடினேன். ஓடும்போது பக்கத்துக் கடைக்காரர்களும் கூடவே ஓடி வந்தார்கள். கதை அவ்வளவுதான்.

நம் கடைத்தெருவை எடுத்துவிட்டு அங்கே கார் நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள் என்ற சேதி வந்தது நினைவிருக்கிறதா? ஒரு ஒப்பந்தக்காரர் வரைபடத்தோடு வந்தார். வழவழப்பான தாள், வண்ண வண்ணக் கோடுகள். அதில் என் கடை இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கார் நின்றுகொண்டிருந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் பொது விசாரணைக்கு வரலாம் என்றார்கள். விசாரணை இதே மண்டபத்தில். விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். நேர்மையானவர், அதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. ஆனால் விசாரணைக்கு ஒரு விதி இருந்தது. மைக்கில் பேசுவதுதான் கருவியில் பதிவாகும். பதிவானதைக் கேட்டுத்தான் அறிக்கை எழுதுவார்கள். பதிவில் இல்லாதது, பேசப்படாதது!

அன்று ஒப்பந்தக்காரர் ஏறினார். நம் தலைவருக்கு இணையான உயரம். மைக் அவர் வாய்க்கு நேராக நின்றது. பேசினார், மணிபோல் பதிவானது. அடுத்து என் அண்ணி ஏறினார். என் அண்ணனை இழந்த பிறகு, தெருமுனையில் பட்டனும் ஜிப்பும் எலாஸ்டிக்கும் விற்று ஒரு குடும்பத்தை நிமிர்த்திய பெண்மணி. அதோ, மூன்றாவது வரிசை. எழுந்து நில்லுங்கள் அண்ணி... என்ன? நின்றுகொண்டுதான் இருக்கிறாராம்! பார்த்தீர்களா, அவ்வளவுதான் உயரம். மைக்கோ தலைக்கு மேலே நிற்கிறது. அண்ணி எம்பினார், எட்டவில்லை. அண்ணாந்து பேசினார். ஆவேசமாகப் பேசினார். தலைக்கு மேலே மின்விசிறி, அதைவிட ஆவேசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மைக்கைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கலாமே என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. மைக்கைக் கவ்வும் கிளிப் உடைந்து காலம் பல ஆயிற்று. கம்பியால் கட்டி, அதன்மேல் டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றி, மைக்குக்கே மாவுக்கட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். கையோடு வராது.

அண்ணியின் நிலைமை அப்படி என்றால், நம் குடைக்காரர் நிலைமை என்ன? குடை பழுதுபார்க்கும் நம் அண்ணன் சக்கர நாற்காலியில் வருகிறவர். அன்று மேடை வரை வந்தார், அந்தக் கம்பத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டார். அவர் வாயில் வார்த்தை இல்லாமல் போனதா? வார்த்தை இருந்தது. வழி இல்லை!

விசாரணை முடிந்ததும் அதிகாரி பதிவை ஓடவிட்டுக் கேட்டார். நாங்களும் பக்கத்தில் நின்று கேட்டோம். ஒப்பந்தக்காரர் குரல் கணீரென்று வந்தது. அதன் பின்னே வந்தது என்ன? மின்விசிறியின் கரகரப்பு. கரகரப்பு. மேலும் கரகரப்பு.

"அம்மா, நான் தொண்டை கிழியப் பேசினேனே!" என்றார் அண்ணி.

"பேசினீங்க, பார்த்தேன். ஆனா இதுல இல்லாததை நான் எப்படிம்மா எழுதறது?" என்றார் அதிகாரி.

அப்படியே விட்டிருந்தால் அறிக்கையில் ஒரே ஒரு வரி ஏறியிருக்கும்: ஆட்சேபம் ஏதும் இல்லை. ஒரு தெருவின் உயிர், அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கும். இன்னொரு வாய்ப்புத் தாருங்கள் என்று நான் நயமாகக் கேட்டேன். அதிகாரி யோசித்துவிட்டு, "நாளைக்குக் காலைல இன்னொரு அமர்வு வெக்கிறேன். மைக்கைச் சரிபண்ணிக்கறது மண்டபத்தோட பொறுப்பு" என்றார்.

ஓடினோம் மண்டபக் காவலரிடம். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து குலுங்குவதால் நாம் 'கிலுகிலு' என்று அழைக்கிறோமே, அவரிடம்தான். ஸ்டாண்டை இறக்குங்கள் என்றேன். இறங்காது என்றார். ஏன் என்றேன். வெல்டிங் வைத்தாயிற்று என்றார்!

கேட்டீர்களா கூத்தை? ஏன் வைத்தார்? இங்கேதான் நம் தலைவர் என்னை மன்னிக்க வேண்டும். ஒருமுறை தலைவர் இங்கே பேசிக்கொண்டிருந்தபோது மைக் மெல்ல மெல்ல இறங்கியதாம். தலைவரும் அதோடு மெல்ல மெல்லக் குனிந்தாராம். கடைசியில் அவையோரை வணங்குகிறாரா, செருப்பைத் தேடுகிறாரா என்று தெரியாமல் சபையே சிரித்துவிட்டதாம். தலைவர் இப்போது சிரிக்கிறார், அன்று சிரிக்கவில்லை. "இது இனிமே இறங்கவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு கோபத்தில் சொன்ன சொல். நம் கிலுகிலு அதை ஆணையாகவே எடுத்துக்கொண்டார். தலைவரின் உயரத்தை அளந்தார், மண்டபத்தில் இருந்த ஸ்டாண்டு அத்தனைக்கும் அதே உயரத்தில் வெல்டிங் வைத்தார்!

"இறங்கினாத்தானே வம்பு? இறங்காமப் பண்ணிட்டேன்" என்றார் என்னிடம். பெருமையாக வேறு சொன்னார்.

"ஏன் இறங்குதுன்னு பார்த்தீங்களா?" என்றேன்.

"அதை எதுக்குப் பார்க்கணும்?"

ஏன் இறங்கியது? நம் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. மேடை ஏறியதும் மைக்கின் கழுத்தைப் பிடிக்கிறோம். திருகைத் தளர்த்துவதில்லை, வெடுக்கென்று இழுக்கிறோம், வெடுக்கென்று அழுத்துகிறோம். உள்ளே இருக்கும் வாஷர் தேயாமல் என்ன செய்யும்? தேய்ந்தது எது? விரலகல வாஷர். அதை மாற்றியிருந்தால் முடிந்தது. மாற்றாமல் பற்றவைத்தோம். பற்றவைத்தது எதை? கம்பியையா? இல்லை! தலைவர் அளவுக்கு வளராத அத்தனை பேரின் வாயையும் சேர்த்துப் பற்றவைத்தோம்!

கைதட்டலை வைத்துக்கொள்ளுங்கள், வேலை இன்னும் முடியவில்லை.

மண்டப அலுவலகத்துக்குப் போய், புது ஸ்டாண்டு வாங்கலாமா என்றேன். மன்றம் கூடி அனுமதிக்க வேண்டும் என்றார்கள். வாடகைக்கு ஒன்று எடுத்து வரலாமா என்றேன். வெளிக் கருவி உள்ளே வரக்கூடாது என்பது மண்டப விதி என்றார்கள். காவலர் கடைசியில் ஒரு யோசனை சொன்னார்: "ஒரு ஸ்டூல் போட்டுத் தரேன், ஏறி நின்னு பேசட்டும்."

அண்ணிக்கு வந்ததே கோபம்! "ஏங்க, நான் நியாயம் கேக்க வந்தேனா, பல்பு மாட்ட வந்தேனா? சரி, நான் ஏறிக்கறேன். குடைக்காரரை எந்த ஸ்டூல்ல ஏத்துவீங்க?"

கிலுகிலு ஸ்டூலைத் திரும்பவும் மூலையில் கொண்டுபோய் வைத்தார்.

நான் ஒரு வியாபாரி. கதவு சாத்தியிருந்தால் ஜன்னலைத் தேடுவேன். "வாங்கத்தானே அனுமதி வேணும்? பழுதுபார்க்க?" என்று கேட்டேன். அலுவலகத்தில் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பழுதுபார்க்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஏனென்றால், அதுவரை யாரும் பழுதுபார்த்ததே இல்லை!

தோளில் தூக்கினேன் ஸ்டாண்டை. நடந்தேன் நம் தெருவுக்கு. என் கடை வாசலிலேயே போட்டு, பற்றவைத்த இடத்தை ஹாக்ஸா ரம்பத்தால் அறுத்தேன். உள் குழாய் விடுபட்டது. ஏற்றவும் இறக்கவும் ஒரு பிடி வேண்டுமே? எதிர்க்கடைச் சைக்கிள்காரர் எட்டிப் பார்த்தார். "சீட்டை ஏத்தி இறக்கற கிளாம்ப் இருக்கே, அதைப் போடுங்க முதலாளி" என்று ஒன்றைத் தூக்கிப் போட்டார். நான் மாட்டினேன். என்ன ஆயிற்று? குழாய் சிறியது, கிளாம்ப் பெரியது. உள் குழாய் சர்ரென்று இறங்கி என் கால் கட்டைவிரலில் வந்து உட்கார்ந்தது.

"குழாய் விக்கிறவருக்கே குழாய் அளவு தெரியலையே! வியாபாரம் எப்படி நடக்குது?" என்றார்.

"நீங்க கொடுத்ததைத்தானே மாட்டினேன்?"

"மாட்டறதுக்கு முன்னாடி அளக்கணும் முதலாளி. காலை அளந்து பார்த்தாப் போதுமா?"

தெருவே சிரித்தது. சிரித்துக்கொண்டே ஒரு தகரத் துண்டை வெட்டி, வளைத்து, இடைவெளியில் செருகினார். பிறகு கிளாம்பின் நெம்புகோலை அழுத்தினால் குழாய் நின்றது, தூக்கினால் நழுவியது. அடித்தட்டு விரிசல் விட்டு இரண்டாகும் நிலையில் இருந்தது. அதை நான் ஒட்டவில்லை. சீர்செய்ய முடியாததைச் சீர்செய்கிறேன் என்று சொல்பவன் வாடிக்கையாளரை ஏமாற்றுகிறான். தூக்கி எறிந்துவிட்டு, விசிறிக் கடையிலிருந்து நிற்கும் விசிறியின் பழைய அடித்தட்டை வாங்கிப் பொருத்தினேன். யானை வந்து முட்டினாலும் அசையாது! மைக்கின் மாவுக்கட்டைக் குடைக்காரர் தம் சிறு கத்தியால் பொறுமையாகப் பிரித்தார். உடைந்த கிளிப்புக்குப் பதில் குடைக்கம்பியை வளைத்து ஒரு கவ்வி செய்தார். அண்ணி தம் கடை எலாஸ்டிக்கை அதன்மேல் இறுக்கினார். வெயில் தாழ்வதற்குள் ஸ்டாண்டு எழுந்து நின்றது. அத்தனையும் நம் தெருவுக்குள்ளேயே முடிந்தது. ஒரு பொருளுக்காகக்கூட ஒருவரும் தெருவைத் தாண்டவில்லை.

மறுநாள் காலை. அண்ணி மேடை ஏறினார். நெம்புகோலைத் தூக்கினார். மைக் இறங்கியது. இறங்கியது. அவர் உதட்டருகே வந்து நின்றது. நின்றவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, இன்னைக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதும்மா, பேசுங்க."

"எப்படிக் கேக்குதுன்னு சொல்றேன். இந்தப் பிடி சைக்கிள் கடையில இருந்து வந்தது. அடித்தட்டு விசிறிக் கடையில இருந்து. அறுத்தது என் கொழுந்தனாரு. கவ்வி குடைக்காரர் செஞ்சது, இந்த எலாஸ்டிக்கு என்னோடது. ஒரு மத்தியானத்துல முடிச்சோம். நான் உங்களோட பேசறதே எங்க தெரு இருக்கறதாலதான். ஐயா வரைபடம் காட்டினார், அழகா இருந்தது. காரை எங்க நிறுத்தறதுன்னு யோசிச்சிருக்கார். நிறுத்திட்டு இறங்கி எங்க போறதுன்னு யோசிச்சாரா?"

அவையோரே! அந்தக் கேள்விக்கு அந்த வழவழப்பான தாளில் பதில் இல்லை! ஒப்பந்தக்காரர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்புக் கார் நின்ற இடத்திலேயே நின்றது.

பிறகு குடைக்காரர் வந்தார். மைக் இன்னும் இறங்கியது. அவர் பேசியது சிறிதுதான்: "நேத்து நான் பேசாமத் திரும்பினேன். சொல்ல ஒண்ணும் இல்லைன்னு எழுதிடாதீங்கம்மா. என் கடைக்குப் படி கிடையாது, என் தெருவுல மேடு கிடையாது. நான் யார் கையையும் எதிர்பார்க்காமப் போய் வர்ற ஒரே இடம் அது. அதை எடுத்துடாதீங்க."

மண்டபத்தில் விசிறி அன்றும் கரகரவென்று சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பதிவில் அவர் குரல் இருந்தது!

அறிக்கை நேர்மையாக எழுதப்பட்டது. மன்றம் கூடியது. தெரு இருக்கட்டும், கார்களுக்குப் பழைய கிடங்கின் பின்புறக் காலி மனை போதும் என்ற தீர்மானம் வந்தபோது முதலில் கை தூக்கியவர் யார்? இதோ, நம் தலைவர்! அவர் கை தூக்கினால் எவ்வளவு உயரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். தம் உயரத்துக்கு வைத்த மைக்கைத் தாமே இறக்கச் சொன்ன அந்தப் பெருந்தன்மைக்கு இந்தத் தெரு தலை வணங்குகிறது. மண்டபத்தின் மற்ற ஸ்டாண்டுகளையும் நம் தெருவிடமே பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறார். இலவசமாகவா என்று கேட்காதீர்கள். நான் அவ்வளவு நல்லவன் இல்லை!

நான் கேட்கிறேன். உயரமானவர் பேசினால் ஊரின் குரலா? குள்ளமானவர் பேசினால் விசிறியின் குரலா? நிற்பவர் சொன்னால் சாட்சியா? அமர்ந்திருப்பவர் சொன்னால் அமைதியா? இல்லை! இல்லவே இல்லை! மனிதன் மைக்குக்காக எம்ப வேண்டியதில்லை. மைக்தான் மனிதனுக்காக இறங்க வேண்டும்! எந்த மன்றமாக இருந்தாலும், எந்த மேடையாக இருந்தாலும், பேச வருபவரின் வாய் எங்கே இருக்கிறதோ அங்கே வந்து நிற்கட்டும் மைக்! தேய்ந்ததை மாற்றுவோம், உடைந்ததைப் பொருத்துவோம், முடியாததைத் தூக்கி எறிவோம். ஆனால் ஒருவர் அளவில் ஊரைப் பற்றவைக்க ஒருநாளும் ஒப்ப மாட்டோம்!

எனக்கு அடுத்துப் பேச ஒரு தங்கை காத்திருக்கிறார். என் உயரத்தில் நிற்கும் இந்த மைக்கின் நெம்புகோலைத் தளர்த்திவிட்டே இறங்குகிறேன். பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், நடுநடுவே கேள்வி கேட்டு என்னை நேர்வழியில் வைத்த தம்பிகளுக்கும், சிரிப்பை அடக்காத தாய்மார்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. நாளைக் காலையிலும் நம் தெருவில் கடைகள் திறக்கும், எல்லாரும் வாருங்கள். வணக்கம்!