பைபர் தூண்

—எறங்க மாட்டேன் ஆன்சன். காரத் திருப்பு.

—மதினி, பசுமலையிலருந்து திருநகர் வரைக்கும் வந்தாச்சு. எறங்கி ஒரு பார்வ பாத்துட்டுப் போயிருவோம்.

—கண்ணாடி வழியாப் பாத்ததே போதும். கொமட்டுது. என்னடா அது, கல்யாண மண்டபமா, பொறந்தநாள் கேக்கா?

—ஒயிட் ஹவுஸ் மஹால் மதினி. புதன்கெழம பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணித் தெறக்குறாரு. ரிப்பன நீங்கதான் வெட்டணும்.

—உங்கண்ணன் போயி முழுசா மூணு மாசம் ஆகல. எங்கையில கத்திரிக்கோலக் குடுத்து போட்டோ எடுக்கப் போறியாக்கும்?

—அவருக்காகத்தான் சொல்றேன். எறங்குங்க. ஏசிய அணைச்சா உள்ளயே வெந்துருவீங்க.

—சரி, எறங்கித் தொலையிறேன். கையப் பிடிக்காத, எனக்கு நடக்கத் தெரியும்.

—பாத்து மதினி, ஜல்லி கெடக்கு.

—இதென்ன படியில செவப்பா? வெத்தல எச்சியா? இன்னும் தெறக்கவே இல்ல, அதுக்குள்ள துப்பிட்டானுகளா?

—பெயிண்ட் அடிக்கிற பயலுக. கழுவச் சொல்லிர்றேன்.

—கழுவாத. இந்தக் கட்டடத்துல ஒழுங்கா இருக்குறது அது ஒண்ணுதான். அந்த ரெண்டும் என்ன, சிங்கமா? சளி பிடிச்ச நாயி மாதிரி நிக்குது.

—அது கேட்டுக்கு. பிள்ளைக ஏறி உக்காந்து போட்டோ எடுக்கும்ல.

—தூணு தலைக்குத் தங்கக்கலரு?

—அந்தக் கொண்டைக்கு மட்டுந்தான் கோல்டு. ராத்திரி லைட்டப் போட்டா தகதகன்னு தெரியும் மதினி. திருமங்கலம் ரோட்டுல போற பஸ்ஸுல இருக்குறவன்கூடத் திரும்பிப் பாப்பான்.

—விபத்து நடந்தாலும் திரும்பித்தான் பாப்பான். இரு, இது என்ன சத்தம்? தட்டுனா தண்ணி டிரம்மு மாதிரி டொம்மு டொம்முங்குது.

—பைபர் மதினி.

—உள்ள?

—உள்ள ஒண்ணும் இல்ல, வெறுங்கூடு. பாரத்தைப் பின்னாடி இருக்குற இரும்பு பைப்பு தாங்கிக்கிரும்.

—எல்லாத் தூணுமா?

—எல்லாந்தான்.

—ஆண்டவரே! எலி பூந்தா குடும்பம் நடத்தும். ஆன்சன், உங்கண்ணன் காலேஜுல பிள்ளைகளுக்குக் கட்டடக்கலை சொல்லிக் குடுத்தே தலை நரைச்சவரு. ரிட்டயர்டு ஆனப்பறம் சாயங்காலம் சாயங்காலம் அவரு சொல்லச் சொல்ல, லாட்ரோப்பப் பத்தி அவரு எழுதுன புத்தகத்த நான்தான் டைப் அடிச்சேன். அதுல மொத வரி என்ன தெரியுமா? ‘சொமக்காத தூண் பொய்ச்சாட்சி.’ நீ வரிசையா நிப்பாட்டி வச்சிருக்கியே, இம்புட்டும் பொய்ச்சாட்சி.

—தெரியும் மதினி.

—என்ன தெரியும்? நீ இஞ்சினியருக்குப் படிச்சிட்டு பிளாட்டு வித்தவன். லாட்ரோப் யாரு, சொல்லு பாப்போம்.

—அமெரிக்காக்காரரு. எரநூறு வருசத்துக்கு முந்துன ஆர்க்கிடெக்ட்.

—பொறந்தது இங்கிலாந்து. பாஸ்டர் மகன். பிரசவத்துல பொண்டாட்டி போயி, தொழிலு நொடிச்சு, கப்பலேறிப் போனவரு. போன எடத்துல, ‘கிரேக்கத்தான் தூணு வச்சா அவன் ஊரு எலைய அவன் செதுக்கட்டும், இந்த மண்ணுல வெளையிறது மக்காச்சோளம்’னு சொல்லி, அந்தத் தேசத்துப் பார்லிமெண்டுத் தூணுல சோளக்கருத வச்சாரு. கல்லுல! அம்புட்டுப் பெரிய மண்டபத்த விட்டுட்டு எம்.பி.மாரு எல்லாம் அந்தச் சோளக்கருதத்தான் மெச்சுனாங்களாம். பெறகு இங்கிலாந்துப் படை வந்து எரிச்சது. எரிஞ்சத மறுபடியும் எழுப்புனாரு. அவமானப்பட்டுத்தான் வெளிய வந்தாரு. மிச்சத்த முடிச்சது வேற ஒருத்தரு.

—அதே லாட்ரோப்தான மதினி, தண்ணி எறைக்கிற மிஷின் ரூமுக்குப் போயி கோயில் மாதிரி தூணும் டோமும் வச்சாரு? உச்சியிலருந்து பொகை போகுமாம். மொளகுப்பொடி டப்பான்னு ஊரே சிரிச்சுச்சாம்.

—அது...

—பால்டிமோர்ல சர்ச்சு கட்டக் கூப்பிட்டப்ப ரெண்டு பிளானு போட்டாராம். ‘கூர்க்கோபுரம் வச்சது ஒண்ணு, ரோமாபுரி மாதிரி ஒண்ணு, எது வேணுமோ எடுத்துக்கோங்க’ன்னு குடுத்தாராம். கட்றவன் மனசையும் பாத்துத்தான ஆகணும்? எனக்கு ஒயிட் ஹவுஸ் வேணும்னு தோணுச்சு.

—இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? நீ அந்தப் புத்தகத்துப் பக்கத்தக்கூடத் தொட்டதில்லையே.

—அண்ணனக் கேன்சருக்குக் கரண்டு வைக்க ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நான்தான? வழிநெடுக அந்தக் கதைதான். மகன் மஞ்சக்காய்ச்சல்ல செத்த ஊருக்கே போயி, அவன் விட்ட தண்ணிக்குழா வேலைய முடிக்கப் பாத்து, இவரும் அதே காய்ச்சல்ல போனாராம்ல. அதச் சொல்றப்ப மட்டும் அண்ணன் ஜன்னலப் பாத்துக்கிருவாரு.

—எங்கிட்ட சொல்லும்போது குரல்கூட ஒடைஞ்சதில்ல. ம்ம். அம்புட்டையும் காதுல கேட்டவனா இந்த அசிங்கத்தக் கட்டுன? அது என்ன செவத்துல, துணி போட்டு மூடி?

—கல்வெட்டு. புதன்கெழம தெறக்குறது. விடுங்க மதினி.

—நகரு.

—மதினி, இப்ப வேணாம், சொன்னாக் கேளுங்க.

—நகருடாங்குறேன். ‘கட்டட வடிவமைப்பு, பேராசிரியர் ஜெய்சன்.’

—மதினி...

—ஆன்சன், செத்தவன் எந்திரிச்சு வந்து கேக்க மாட்டான்னுதான? ஊருல நாலு பேரு ‘புரபசர் வரைஞ்ச மண்டபமாம்’னு சொன்னா வாடகைய ஏத்தலாம், அதான? பொணத்துக் கையில மோதிரத்தக் கழட்டுறவன்கூட ஒன்னையவிட யோக்கியன்டா.

—என்ன வேணாலும் சொல்லுங்க. மேல இருக்குற டோம இடிக்கச் சொல்லுங்க, இடிக்கிறேன். சிங்கத்தத் தூக்கச் சொல்லுங்க, தூக்குறேன். அந்தப் பேர மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க.

—அந்தப் பேருதான் போகணும். மிச்சத்த நீ வச்சு அழுவு. நம்ம சபைக்கு ஹால் கட்டணும்னு கமிட்டி கேட்டப்ப அவரு பிளானு போட்டுக் குடுத்தாரே, ஞாபகம் இருக்கா? நம்ம காட்டுல வெளையிறதுன்னு கம்பங்கருது வச்சுத் தூண் வரைஞ்சாரு. ‘என்ன சார், கம்மாக்கரையா, சர்ச்சு ஹாலா’ன்னு சிரிச்சானுக. சிரிச்சவனுக்கெல்லாம் காப்பி குடுத்து அனுப்பிட்டு, பேப்பரச் சுருட்டிப் பரண்ல போட்டாரு. அதோட சரி. ஒருத்தன் வாசல்லயும் போயி நிக்கல. ஒரு கட்டடத்துலயும் தன் பேரப் போட்டுக்கிறல. மானத்தோட போனாரு மனுசன்.

—மானம்னா நெனக்கிறீங்க?

—வேற என்னவாம்?

—ஒண்ணுமில்ல மதினி.

—யாரு அது, சாரத்துல நிக்கிறது? மலைச்சாமி அண்ணே! அந்தக் கல்லு அறுக்குற மிஷின எடுத்துட்டு எறங்கி வாங்க.

—அண்ணே, நீங்க அங்கயே இருங்க!

—வாங்கன்னா வாங்க!

—கும்புடுறேன் டீச்சரம்மா. எப்ப தாயி வந்தீக? மோரு கீரு வாங்கிட்டு வரச் சொல்லவா?

—மோரு இருக்கட்டும். இந்தக் கல்லுல கடைசி வரிய அறுத்து எடுங்க. தடம் தெரியக்கூடாது.

—பெரிய சாரு பேரையா?

—ஆமா.

—என்னால ஆகாது தாயி.

—ஏன், கூலி குடுக்குறவருக்குப் பயமா?

—சின்ன சாருக்கா? அவுக ஒரு நாளைக்கி நாலு தரம் வைவாக. பயந்தா நான் கஞ்சி குடிக்க முடியுமா? இது வேற சமாச்சாரம். பெரிய சாரு அந்தா அந்த வேம்புக்கடியில நாற்காலி போட்டு... வேணாம் தாயி. வேற கொத்தனாரப் பாத்துக்கோங்க.

—என்ன வேம்பு? என்ன நாற்காலி? ஓ, ஒங்களுக்கும் பாடம் சொல்லிக் குடுத்து வச்சிருக்கானா? குடுங்க மிஷின.

—தாயி, அது கையப் பதம் பாத்துரும்!

—பாக்கட்டும். ஆன்சன், சுவிட்ச போடு.

—மாட்டேன்.

—அப்ப இந்த வெறுங்கூட்ட வரைஞ்ச நாயி எவன்னு சொல்லு. அந்த நாயி பேர இங்க வெட்டு. நான் பேசாம வீட்டுக்குப் போறேன்.

—அந்த வார்த்தையச் சொல்லாதீங்க மதினி.

—சொல்லுவேன். கூச்சநாச்சம் இல்லாம வாந்தி எடுத்த மாதிரி வரைஞ்சிருக்கான்ல, எவன்டா அவன்?

—சாரு, சொல்லிருங்க. அம்மா கையில மிஷினு இருக்கு.

—அண்ணன்தான்.

—என்னது?

—அண்ணன்தான் மதினி வரைஞ்சாரு. நான் வேற ஆர்க்கிடெக்டத்தான் பாத்து வச்சிருந்தேன். ஒரு நாளு கார்ல வாரப்ப, ‘எனக்குக் குடேன்டா’ன்னாரு. சின்னப்பிள்ளை மிட்டாய் கேக்குற மாதிரி. கரண்டு வச்சு முடிச்சதும் நேரா இங்கதான் வருவோம். ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.

—பொய் சொல்ற. ஆசுபத்திரியில கூட்டம், அதான் நேரமாயிருச்சுன்னு அவரே சொல்லுவாரு.

—சொல்லுவாரு.

—சரி, வரைஞ்சே இருக்கட்டும். கல்லுல வரைஞ்சிருப்பாரு! அவரு கண்ண மூடட்டும்னு காத்திருந்து நீ பிளாஸ்டிக்கா மாத்திட்ட. அவரா இந்த வெறுங்கூட்ட வைக்கச் சொல்லுவாரு? என் தலையில கை வச்சுச் சொல்லு!

—கல்லுதான் மதினி வரைஞ்சாரு. கல்லுப் பட்டறைக்கும் ரெண்டு பேருந்தான் போனோம். செதுக்கி நிப்பாட்ட ஒண்ணரை வருசம் ஆகும்னான். அண்ணன் கொஞ்ச நேரம் அந்தக் கல்லத் தடவிக்கிட்டே நின்னாரு. பெறகு சொன்னாரு, ‘எங்கிட்ட அம்புட்டு நாள் இல்ல ஆன்சன். பைபர்லயே நிப்பாட்டு. பாத்துட்டுப் போறேன்’னு.