பட்டத்துக்கு வெள்ளை வால்

1997 ஆகஸ்ட் 12, செவ்வாய், காலை 9.20. சோளகக் காற்று மணலை வாரி இறைத்தது. மன்னாரில் ராணுவத்திடம் பயணப் பாஸ் எடுக்கும் வரிசையில் நான் பதினேழாவது ஆள். வெயிலுக்குத் துவாயால் தலையை மூடியிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

“பட்டம் விடுறதுக்கும் ஆமிக்காரன் சட்டம் வைச்சிருக்கிறான் அக்கா,” என்றாள் இளையவள்.

“என்னவாம்?”

“வெள்ளை வால் நீளமாத் தொங்கவேணுமாம். இல்லாட்டி மற்றக் காவலரணில நிக்கிற சென்றிக்காரன் வேற ஏதோ எண்டு சுட்டுப்போடுவானாம். லீவு முடியுமட்டும் பிள்ளையளுக்கு அந்தப் பட்டம்தானே விளையாட்டு.”

“பேப்பர், ஈர்க்கு, சோத்துப் பசை. காசில்லாத விளையாட்டு. வாலுக்கு என்ன செய்தனீ?”

“பின்வீட்டு ஐயாவின்ர வேட்டி போன கிழமை காத்துக்குப் பறந்து எங்கட முள்வேலியில விழுந்தது. பிள்ளையள் கிழிச்சுப்போட்டுதுகள்.”

“உடுப்பை எண்ணிக் காயப்போடுற மனிசனெல்லோ?”

“ஓம். அந்த வாலின்ர நீளமும் காணாதெண்டு ஆமிக்காரன் நேற்றுப் பட்டத்தை இறக்கச் சொல்லிப்போட்டான். ஐயாவின்ர மற்ற வேட்டி இண்டைக்குக் கொடியில கிடக்குது. தொடக்கூடாதெண்டு சொல்லிப்போட்டன். காத்து அடிச்சுக் கொண்டுவந்தால் எடுக்கலாமோ எண்டு கேட்டுப்போட்டு, வேலியடியில குந்திக்கொண்டு காத்தைப் பாக்குதுகள்.”

காணாமற்போன என் வேட்டியின் கதை தெரிந்துவிட்டது. துவாயை இன்னும் இழுத்து மூடிக்கொண்டு, வரிசையை விட்டு வீட்டுக்கு நடந்தேன். மற்ற வேட்டி இரண்டு கிளிப்பில் படபடத்துக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் மூன்று தலைகள்.

கிளிப் இரண்டையும் கழற்றி, வேட்டியைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

காசில்லாத விளையாட்டுக்கு என் வேட்டி இரண்டு, ஐந்நூற்று எழுபது ரூபா.