நினைவுக்கல்லில் என் கணவரின் பெயரை மூடியமை பற்றி

பெயர்: குகதாசன் பத்மாசினி. வயது: 57. தொழில்: மீன் விற்பனை. முகவரி: மடத்தடி ஒழுங்கை, வல்வெட்டித்துறை.

நான் மேற்படி முகவரியில் தனியாக வசிக்கிறேன். போரில் இறந்த எங்கள் ஊரவர்களுக்காகக் கடற்கரையில் எழுப்பிய நினைவுக்கல்லைப் போன மாதம் திறந்தார்கள். அதில் என் கணவர் குகதாசனின் பெயரும் இருந்தது. அவர் 2009 இல் விசாரணைக்கென்று இராணுவத்தினரால் பஸ்ஸில் ஏற்றப்பட்டவர், இன்னும் திரும்பவில்லை. அவர் இறந்ததாக எனக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. பெயரை எடுக்கும்படி, நினைவுக்கல் அமைத்த குழுவின் தலைவர் அருட்செல்வனிடம் கேட்டேன். “ஊரே மதிச்சுப் போட்ட பேர் அக்கா, எடுத்தால் அவருக்குத்தான் மரியாதைக் குறைவு” என்றார். மதிப்புக் கேட்டு நான் யார் வாசலிலும் நிற்கவில்லை.

அதன் பின்னர் வெள்ளிக்கிழமை, வழமைபோலக் கணவரின் பெயருக்கு அருச்சனை செய்யக் கோயிலுக்குப் போனேன். ஐயர் தட்டை வாங்கவில்லை. “உயிரோடை இருக்கிற ஆக்களுக்குத்தான் பிள்ளை அருச்சனை. கல்லிலை பேர் வந்திட்டுது, நான் என்னெண்டு செய்யிறது?” என்று கேட்டார். ஐயரே இப்படிச் சொன்னால், இனி அவரை ஒருவரும் தேடமாட்டார்கள் என்று பயந்தேன்.

அதன் பின்னர் பக்கத்து வீட்டுச் சயந்தன் குசினி கட்ட வைத்திருந்த சீமெந்தில் ஒரு தகரப்பேணி அளவும், அதைப் பூசுகிற சாந்தகப்பையும் அவருக்குத் தெரியாமல் எடுத்தேன். மத்தியானம் சனம் சாப்பிடப் போன நேரம் கடற்கரைக்குப் போய், கடல் தண்ணீரில் சீமெந்தைக் குழைத்துக் கணவரின் பெயரின் மேல் பூசினேன். அவசரமாகப் பூசியதில் கீழே இருந்த நிரோஜாவின் பெயரிலும் பட்டுவிட்டது. அந்தப் பிள்ளை செல் குண்டு விழுந்து இறந்ததை நான் கண்ணால் கண்டவள். ஆகையால் அவளுடைய பெயரைச் சேலைத் தலைப்பால் எழுத்து எழுத்தாகத் துடைத்துவிட்டு வந்தேன்.

அதன் பின்னர் நேற்று, சீமெந்து அவருடையது என்பதால், நினைவுக்கல்லைச் சேதப்படுத்தியதாகச் சயந்தனைப் பொலிசார் கொண்டுபோனதை அறிந்து, இரவு முழுக்க நித்திரையில்லாமல் இருந்து, இன்று நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். வெளியிலிருந்து ஆள் அனுப்பிச் செய்வித்த வேலை என்று ஊரில் கதைக்கிறார்கள். என்னை ஒருவரும் அனுப்பவில்லை. சயந்தனுக்கு இதில் தொடர்பில்லை, அவரை விட வேண்டும். கல்லிலுள்ள மற்றவர்களுக்கு நானும் விளக்கேற்றுவேன். ஆனால் என் கணவரின் பெயரிலுள்ள சீமெந்தைச் சுரண்டினால் திரும்பவும் பூசுவேன். அதையும் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

இவ்வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதில் என்னை விதவை என்று பதிந்திருந்தார்கள். அந்தச் சொல்லை வெட்டி, அதிகாரி பக்கத்தில் ஒப்பமிடும்வரை நான் பேனையைத் தொடவில்லை. மற்றவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன, உண்மையானவை.

(ஒப்பம்) கு. பத்மாசினி