ஓணத்துக்குக் கம்பு

ரெனி: …சிரிக்காம அந்த போர்டைப் படிங்க.

பிரபின்: எதிர்த்த சூப்பர் மார்க்கெட் போர்டா? "ஓணம் ஸ்பெஷல்… கம்பு… ரெண்டு கிலோ வாங்கினா ரெண்டு கிலோ ஃப்ரீ."

ரெனி: ஆளு உண்டா?

பிரபின்: ஒரு புறா நிக்குது. ஏட்டி, ஓணத்துக்கு எவனாவது கம்பங்கஞ்சி குடிப்பானா? இத்தன பெரிய கம்பெனிக்கு இது தெரியாதா?

ரெனி: குடிப்பாங்கன்னு நம்ம பில் போடுத கம்ப்யூட்டரே சொன்னா நம்பத்தான செய்வாங்க.

பிரபின்: எது, கீழ நம்ம பலசரக்குக் கடையில கெடக்கதா?

ரெனி: அதேதான். நாம ஒரு விலை போட்டா, மறுநாள் அவங்க அதவிடக் கொறச்சுப் போடுவாங்கல்லா? நம்மகிட்ட வாடிக்கையா வாங்குத கேட்டரிங் தங்கபாய் அக்காகூட அங்க போயிட்டா…

பிரபின்: கடையவே பூட்டிரலாம்னு இருந்தேன். நம்மகிட்ட தரகு பாக்குத வேலாயுதன் அண்ணன்தான் விலைய வெளிய சொல்லுதாருன்னு நெனச்சு, அவருகிட்ட சரியாப் பேசக்கூட இல்ல.

ரெனி: பாவம் அந்த மனுசன். காட்டிக் குடுத்தது நம்ம வைஃபையாக்கும். மாடியில வீட்டுக்கும் கீழ கடைக்கும் ஒண்ணு. அதுக்கும் பாஸ்வேர்டு கெடையாது.

பிரபின்: வாறவங்க போறவங்க உபயோகிக்கட்டும்னு…

ரெனி: உபயோகிச்சான். பக்கத்து சாயாக்கடையில லேப்டாப் வெச்சிட்டு இருப்பான்லா, கழுத்துல கார்டு தொங்கப்போட்டு…

பிரபின்: அவன் மார்க்கெட் சர்வேக்காரன். நான் சாயா வாங்கிக் குடுத்திருக்கேன்.

ரெனி: சாயாவும் உங்களது, வைஃபையும் உங்களது. அது வழியா உள்ள கேறி நம்ம விலை, ஆர்டர், வாங்குத ஆளுங்க ஃபோன் நம்பர் எல்லாத்தையும் வாரி அவங்களுக்குக் குடுத்திருக்கான்.

பிரபின்: கள்ளப்பய… தெரிஞ்ச உடனே நீ பாஸ்வேர்டு போட்டிருக்கலாம்லா?

ரெனி: போட்டா அடுத்த கடையில போய் இருப்பான். நான் அந்தக் கம்ப்யூட்டர்ல பொய் ஆர்டரா அடிச்சு வெச்சேன். கல்யாண மண்டபம், ஹாஸ்டல், கேட்டரிங்… எல்லாருக்கும் ஓணத்துக்குக் கம்பு, மூட்டை மூட்டையா.

பிரபின்: அதையும் நம்பிட்டான்…

ரெனி: நம்பினது ஹெட் ஆபீஸ். அங்க உள்ளவங்க இந்த ஆரியசாலைச் சந்தைப் பக்கம் வந்ததே இல்லியே.

பிரபின்: இப்போ?

ரெனி: இப்போ நல்ல நீளமா பாஸ்வேர்டு போட்டாச்சு. சைபர் போலீஸ்ல பராதியும் குடுத்தாச்சு. தங்கபாய் அக்கா காலம்பற ஃபோன்ல விளிச்சா. ஓணச் சாமான் முழுக்க நம்மகிட்டதானாம்.

பிரபின்: சத்தியமாவா… கடை பிழைச்சுதுட்டி. எனக்குக் கண்ணு நெறயுது.

ரெனி: தொடச்சுக்கிடுங்க. கஸ்டமர் வருவாங்க.

பிரபின்: ஆனா… ஏன் கம்பு? வேற சாமானா இல்ல?

ரெனி: நீங்களே சொல்லுங்களேன்.

பிரபின்: நான் என்னத்த சொல்ல…

ரெனி: கோடௌன் பக்கம் என்னைய வர விடாம இருந்தீங்களே…

பிரபின்: அது… கோயில்பட்டியில விலை கொறவுன்னு ஒரு லோடு கம்பு எடுத்தேன் ரெனி. நீ ஏசுவன்னு சொல்லல்ல. அத இனி எவன் தலையில கட்டுவேன்…

ரெனி: கட்டியாச்சு. நீங்க சந்தேகப்பட்ட வேலாயுதன் அண்ணன்தான் அவங்களுக்கே விக்கப் பேசி முடிச்சாரு. அந்த போர்டுல இருக்கது நம்ம கம்பாக்கும். வைஃபை மாதிரியேதான கோடௌன் சாவியையும் வெச்சிருக்கீங்க, வாசல் ஆணியில.