கடைக் கட்டிலில் படுத்துக் கேட்ட வானொலி

நாற்காலி முனக முனக நடுநாயகமாக அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், வணிகர் சங்கத்தின் வற்றாத ஊற்று, ஐயா சங்கரலிங்கம் அவர்களே! இவள் எதைப் போட்டு உடைக்கப் போகிறாளோ என்ற கவலையில் வந்ததிலிருந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும் அல்லிநகரத்துக் கடை அதிபர் முத்துராஜா அவர்களே! முன்வரிசையில் வெற்றிலை மெல்லும் பெரியோர்களே! வளையல் குலுங்கக் குலுங்க வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கடையை மூடிவிட்டு வந்தும் கைபேசியின் வாயை மூட மறந்த வணிகப் பெருமக்களே! உங்கள் அனைவர் மீதும் அமைதியும் அருளும் பொழியட்டும் என்று வாழ்த்தி வணங்குகிறேன்.

உங்களையெல்லாம் நான் ஓசையால் விளித்தேன். காரணம், நான் பிறவியிலேயே பார்வையற்றவள். பெயர் பெனாசிர். உத்தமபாளையத்தில் மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியை.

எனக்கு நீங்கள் தந்திருக்கும் தலைப்பு, ‘வாடிக்கையாளரே எஜமானர்.’ ஆகா! அருமையான தலைப்பு! ஆனால் ஒன்று கேட்கிறேன். எந்த ஊரில் ஐயா? எந்தத் தெருவில் ஐயா? எந்தக் கடையில் ஐயா நான் எஜமானி? கைதட்டாதீர்கள், நான் கோபமாகக் கேட்கிறேன்!

அவையோரே, எனக்கு வேண்டியிருந்தது மாளிகை அல்ல, மகிழுந்து அல்ல. படுக்கையருகே வைக்கக் கடிகாரத்தோடு கூடிய ஒரு சின்ன வானொலி. தலைமாட்டு மேசையில் தண்ணீர்ச் செம்பும் மூக்குப்பொடி நிறத் துணிப்பையும்... நிறத்தை என் கணவர் சொல்லித்தான் தெரியும்... அவை போக மிஞ்சுகிற இடத்தில் அது அடங்க வேண்டும். காலையில் என்னை எழுப்ப வேண்டும். எழுப்பியபின் செய்தியும் பாட்டும் தர வேண்டும். தருகிற ஒலி நல்ல ஒலியாக இருக்க வேண்டும். இது பேராசையா?

என்ன ஐயா அங்கே? ‘போன் இருக்கே டீச்சர்’ என்கிறீர்களா? இருக்கிறது. பேசும் கைபேசியே இருக்கிறது. மணி என்ன என்று அதைத் தொட்டால் மணியை மட்டுமா சொல்கிறது? தலைமையாசிரியர் போட்ட சுற்றறிக்கையைச் சொல்கிறது. என் நாத்தனார் அனுப்பிய பூங்கொத்தை ‘படம், படம், படம்’ என்று முழங்குகிறது. கண்விழித்த கணத்திலேயே ஊரெல்லாம் என் தலையணையில் வந்து உட்கார வேண்டுமா? உங்களுக்கு விடியல் சன்னல் வழியாக வருகிறது. எனக்கு விடியல் ஒலி வழியாகத்தான் வருகிறது. ஒலி கரகரத்தால் என் காலை கரகரக்கும். காலை கரகரத்தால் பதினோராம் வகுப்பு மாணவர்கள் பாவம்!

என் கணவர் ஷானவாஸ் ஏலக்காய் வியாபாரி. காயை உள்ளங்கையில் உருட்டுவார், முகர்வார், கடிப்பார், அப்புறம்தான் தரம் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் வானொலியை எப்படி வாங்கினார் தெரியுமா? கைபேசியில் படம் பார்த்து!

முதலாவது வந்தது. பொத்தான் எங்கே என்று தடவினேன். தடவியதே பொத்தான்! கண்ணாடி போல் வழவழவென்ற மேல்பாகம். தொட்ட இடமெல்லாம் பொத்தான். ஒலி கூடுகிறது, நிலையம் மாறுகிறது, அலாரம் அணைகிறது. மணியைக் கேட்கப் போனவள் மணியையே மாற்றிவிட்டேன். மறுநாள் பள்ளிக்குப் போனால் வாசற்கதவைத் திறக்கும் காவலர்கூட வந்திருக்கவில்லை!

இரண்டாவது வந்தது. ஒலி பரவாயில்லை. ஆனால் அதன் எண்கள் கல்யாணப் பந்தல் போல் எரிந்தனவாம். எனக்கென்ன? என் கணவருக்குத்தான் தூக்கம் போயிற்று. தம் துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினார். வெளிச்சம் அடங்கியது, செய்தியும் சேர்ந்து அடங்கியது!

மூன்றாவது வந்தது. உள்ளங்கையில் அடங்கும் உருவம், கொசுவின் குரல். மேற்கே மலை, கிழக்கே மலை, நடுவே நம் கம்பம் பள்ளத்தாக்கு. அலைவரிசையைப் பிரித்துப் பிடிக்கும் திராணி அதற்கு இல்லை. தமிழில் வானிலை தொடங்கும். மலையாளத்தில் நகைக்கடை விளம்பரமாக முடியும். மின்சாரம் ஒருமுறை போய்வந்தால் போதும், நேரத்தை மறந்து, அலாரத்தை மறந்து, அப்போதுதான் பிறந்த குழந்தைபோல் விழிக்கும்.

பொறுத்தது போதும் என்று இருவரும் தேனிக்குப் புறப்பட்டோம். கடையின் பெயர் வேண்டாம். உரிமையாளர் ஒருவேளை இந்த அவையிலேயே இருக்கலாம். விற்பனையாளர் என் கணவரைக் கேட்டார்:

“மேடத்துக்கு என்ன கலர் சார் பிடிக்கும்?”

“மெரூன் குடுங்க” என்றார் இவர்.

மெரூன்! என் தாய்மார்களே, மெரூன்! “கலரு கெடக்கட்டும் தம்பி, சத்தத்தப் போட்டுக் காட்டுங்க” என்றேன். அந்த விற்பனையாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. என் கணவரிடமே கேட்கிறார்: “மேடம் என்ன சார் சொல்றாக?”

நான் தமிழில் பேசினேன் ஐயா! ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நான், தமிழ்நாட்டில், தமிழரிடம், தமிழில் பேசினேன். அதற்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது!

அதற்கு என் கணவர் சொன்ன பதில்தான் என்னைச் சுட்டது. “அதெல்லாம் போட வேணாம். இவளுக்கு இது போதும்.”

போதும்! எனக்கு எது போதும் என்று இன்னொருவர் முடிவு செய்துவிட்டார். நான் கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன். வீடு வந்ததும் அவர் வெடித்தார்.

“எதை வாங்கிக் குடுத்தாலும் கொற சொன்னா, நான் என்னதான் செய்யட்டும்?”

“என்னையக் கேட்டு வாங்குங்க.”

“கேக்காமயா மூணு வாங்குனேன்?”

“கேட்டீகளா? எப்பக் கேட்டீக? என்னன்னு கேட்டீக?”

அவர் சாப்பிடாமல் ஏலக்காய் மண்டிக்குக் கிளம்பிவிட்டார். நான் அழுதேன், அவையோரே. அவர் கெட்டவர் அல்லர். என் கையைப் பிடித்துச் சாலை கடக்க வைப்பவர். என் புடவைக்குப் பொருத்தம் பார்த்துத் தருபவர். எனக்காக எல்லாம் செய்கிற அந்த அன்பு, என்னை எதையும் செய்யவிடாத அன்பாகக் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் அழுதேன்.

அடுத்த விடுமுறை நாளில் யாரிடமும் சொல்லவில்லை. கைத்தடியை எடுத்தேன், பேருந்து ஏறினேன், அல்லிநகரத்தில் இறங்கினேன். இதோ, இப்போது மறுபடியும் செருமுகிறாரே, இவர் கடைக்குத்தான் போனேன். கீழ்த்தளத்தில் மின்சாதனம், மாடியில் கட்டில் மெத்தை. பிரின்சி என்ற விற்பனைப் பெண் வந்தார்.

“வாங்கக்கா, என்ன பாக்கணும்?” என்று என்னிடமே கேட்டார். அந்த ஒரு வரிக்காக அவர் வாழ்க!

“பாக்க வேணாம் தாயி, கேக்கணும்” என்றேன். சிரித்துவிட்டார். இருந்த கடிகார வானொலிகளையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்தார். ஆனால் என்ன பயன்? சுற்றிலும் தொலைக்காட்சிகள் ஆளுக்கொரு பக்கம் அலறுகின்றன. ஒன்றில் கிரிக்கெட், ஒன்றில் குத்துப்பாட்டு, ஒன்றில் மாமியாரும் மருமகளும் சண்டை. இந்த இரைச்சலில், நின்றுகொண்டு, நெஞ்சுயரத்தில் வைத்துக் கேட்டால், படுக்கையருகே மெல்லப் பாடும் ஒலியின் தரம் எப்படித் தெரியும்? படுக்கப் போகிறவள் படுத்துத்தானே கேட்க வேண்டும்?

“பிரின்சி, மாடியில கட்டில் இருக்குல்ல?”

“இருக்குக்கா.”

“தலைமாட்டு மேசையோட?”

“இருக்கு. ஏங்க்கா?” என்றவருக்கு அப்போதுதான் புரிந்தது. “ஆத்தாடி! மொதலாளி வைவாரு. சரி, வாங்க!”

படுத்தேன், பெரியோர்களே! முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, விற்பனைக்கு வைத்த தேக்குக் கட்டிலில் நேராக நிமிர்ந்து படுத்தேன். பிரின்சி ஒவ்வொரு வானொலியாகத் தலைமாட்டில் வைத்தார். ஒலியைத் தாழ்த்தச் சொன்னேன். எல்லா வானொலியும் உரக்கக் கத்தும்போது வீரம் காட்டும். மெல்லப் பேசும்போதுதான் யோக்கியதை தெரியும். ஒன்றில் மிருதங்கம் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்டது. ஒன்றில் செய்தி வாசிப்பவருக்கு மூக்கடைத்திருந்தது. ஒன்றின் அலாரம் தீயணைப்பு வண்டிபோல் அலற, நான் கட்டிலை விட்டே எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, என் மாணவி ஒருத்தியின் தாயார் இருளம்மாள் மெத்தை பார்க்க மாடிக்கு வந்தார். நான் மறுபடி படுத்துக் கண்மூடிக் கிடந்தேன். அவர் என்ன நினைப்பார்? உடனே என் கணவருக்குப் போன்: “அண்ணே, டீச்சரம்மா முத்துராஜா கடையில மயங்கி விழுந்து கெடக்காக! சீக்கிரம் இங்கன வாங்க!”

கூட்டம் கூடிவிட்டது. படம் எடுக்கிறார்கள். முத்துராஜா ஐயா மாடியேறி வந்தார். “என்னம்மா இது? யாவாரம் நடக்குற எடத்துல இப்படிப் படுத்துக்கிட்டா?”

“மெத்தை வாங்குறவுகள உக்காந்து பாக்கச் சொல்றீகளே, ரேடியோ வாங்குறவ படுத்துக் கேக்கக் கூடாதா?” என்றேன். அவர் தொண்டையைச் செருமினார். இப்போதும் செருமுகிறார், கவனியுங்கள்!

அதற்குள், அன்று சரக்கு விஷயமாகத் தேனிக்கு வந்திருந்த என் கணவர் வண்டியை விரட்டிக்கொண்டு வந்துவிட்டார். படிகளில் அவர் ஓடிவரும் ஓசை கேட்டது. மூச்சிரைக்கிறது, குரல் உடைகிறது. “பெனாசிர்! என்னாச்சு? எந்திரி பெனாசிர்!” என் கையைப் பற்றித் தூக்கப் பார்த்தார்.

“ஒண்ணும் ஆகல. சத்தம் போடாதீக, நியூஸ் ஓடுது” என்றேன்.

கூட்டம் சிரித்தது. அவருக்குப் பயம் கோபமாக மாறியது. “ஊரே நின்னு வேடிக்கை பாக்குது!”

“பாக்கட்டும். நான் பாக்கல.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வரக் கூடாதா? செத்துப் பொழைச்சு வந்துருக்கேன்.”

“சொன்னா நீங்களே வாங்கிட்டு வந்துருப்பீக. எனக்குன்னு ஒரு காது இருக்குங்க. அது என்ன சொல்லுதுன்னு யாரும் கேக்க மாட்டேங்கிறீக.”

சிரிப்பு நின்றது. கட்டிலின் ஓரம் அமுங்கியது, அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு, மிக மெதுவாக, அவர் கேட்டார்:

“சரி... எது நல்லாருக்கு?”

எங்கள் மணவாழ்வில் எத்தனையோ இனிய சொற்கள் சொல்லியிருக்கிறார். அவற்றில் எதுவும் இதற்கு ஈடாகாது!

“மரப்பெட்டி மாதிரி இருக்கே, திருகுற குமிழோட, அது. குறைச்சு வச்சாலும் குரல் தெளிவா இருக்கு. மலையாளம் கலக்கல. கரண்ட் போனாலும் உள்ள பேட்டரி நேரத்தக் காப்பாத்தும். அலாரம் மெல்ல ஆரம்பிச்சுக் கூடுது. ஆனா வெளிச்சம் எப்படினு எனக்குத் தெரியாது. அதை நீங்கதான் சொல்லணும்.”

அவர் என்ன செய்தார் தெரியுமா? செருப்பைக் கழற்றினார். கட்டிலின் மறுபக்கம் போய்ப் படுத்தார்! “வெளக்க அணைம்மா” என்றார் பிரின்சியிடம்.

“அண்ணே, நீங்களுமா?” என்று முத்துராஜா ஐயா அலறினாரே அந்த அலறல், அதைத் தெளிவாகத் தரும் வானொலி இன்னும் செய்யப்படவில்லை!

எண்களை மங்க வைக்கும் பொத்தானை அழுத்திப் பார்த்து, “கண்ணைக் குத்தல. இதையே எடுத்துக்குவமா?” என்றார். ‘எடுத்துக்குவமா?’ கேள்வி, அவையோரே, கேள்வி! எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் படுத்திருந்த படம் போடி முதல் கூடலூர் வரை கைபேசி கைபேசியாகப் போயிற்று. தலைமையாசிரியர் அழைத்து விசாரித்தார். விசாரித்துவிட்டு, எந்த மாடல் என்றும் கேட்டார்! முத்துராஜா ஐயாவோ வியாபாரம் பெருகுவதைக் கண்டு, கடைவாசலில் பலகை வைத்துவிட்டார்: ‘இங்கே படுத்துப் பார்த்து வாங்கலாம்.’ அதிலும் ‘பார்த்து’! நான் தலையில் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வேன்?

வணிகப் பெருமக்களே! தமிழில் ‘கேள்’ என்றொரு சொல் உண்டு. செவியால் கேட்பதும் கேட்பதுதான். வாய்திறந்து வினவுவதும் கேட்பதுதான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த மொழி நம் மொழி. கேட்டால்தானே கேட்கும்? கேளுங்கள்! சக்கர நாற்காலியில் வருபவரிடம் கேளுங்கள், அவரைத் தள்ளி வருபவரிடம் அல்ல. தலைநரைத்த தாயிடம் கேளுங்கள், அவளுடன் வந்த மகனிடம் அல்ல. கணவன்மார்களே, வாங்குவதற்கு முன் கேளுங்கள்! கொடுப்பதற்கு முன் கேளுங்கள்! ‘போதும்’ என்று சொல்வதற்கு முன் கேளுங்கள்! கேட்காமல் கொட்டும் அன்பைவிட, கேட்டுத் தரும் ஒரு குவளைத் தண்ணீர் பெரிது! எஜமானர் பட்டம் எங்களுக்கு வேண்டாம். எங்களைக் கேளுங்கள், அது ஒன்றே கேட்கிறோம்!

இப்போது காலைகளில் அந்த வானொலி மெல்ல எழுப்புகிறது. ஒலி நிறைந்து வருகிறது. அறை எனக்கு விடிகிறது. என் கணவர் போர்வைக்குள்ளிருந்தே, தூக்கக் குரலில், “இன்னைக்கு எந்த ஸ்டேசன் கேப்போம்?” என்கிறார். சில நாள் அவர் விரும்பும் நிலையத்தையே வைக்கிறேன்.

இவ்வளவு நேரம் என் ஆத்திரத்தையும் அன்போடு தாங்கிய தலைவர் அவர்களுக்கும், மேடையிலேயே அடிவாங்கியும் எழுந்து போகாத முத்துராஜா ஐயா அவர்களுக்கும், அருமை அவையோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் வீடுகளில் நல்ல சொல் ஒலிக்கட்டும், நலம் நிலைக்கட்டும். வணக்கம்!