இரண்டு ஆன்டெனா வைத்த மைக்

வயர்லெஸ் மைக் வாங்கப் போகிறவர்கள் எடுத்ததும் விலையைத்தான் கேட்பார்கள். அப்படிக் கேட்கக் கூடாது. பேசப் போகிறவர் எங்கே நிற்பார் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். மணவறையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சாதாரண மைக் போதும். நடந்துகொண்டே பேசுகிறவர், சுவருக்குப் பின்னால் போகிறவர், மாடி ஏறுகிறவர் என்றால் ரிசீவரில் இரண்டு ஆன்டெனா இருக்கிற செட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒன்று விட்டுவிடுகிற குரலை மற்றது பிடித்துக்கொள்ளும்.

மைக்கிலிருந்தே ஆரம்பித்து எழுது என்று நீங்கள் சொன்னதால் இப்படி ஆரம்பித்தேன், சார். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. என் பெயர் இளையபெருமாள். குன்னம் கடைத்தெருவில் பதினோரு வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுப்பேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்காக வீட்டு ஆட்களைப் பேசவைத்துக் கேசட் போட்டுக் கொடுப்பதும் உண்டு. அந்தக் கேசட்டுகளை லப்பைக்குடிக்காடு பீர் முகமது பாய் துபாய் போகும்போது கையோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

மணிவேல் துபாயில் கட்டட வேலையில் இருந்தான். குன்னத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில், ரோட்டோரம், மக்காச்சோளக் காட்டை ஒட்டி அவன் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தான். அங்கே அவனுடைய அம்மா குஞ்சம்மாளும் மனைவி சசிகலாவும் இருந்தார்கள். அந்த வீட்டில் போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடைக்குத்தான் பேசுவான். நான் ஆள் அனுப்பிக் குஞ்சம்மாளை வரவழைப்பேன். சசிகலா ஒருமுறைகூட வந்ததில்லை.

இரண்டாயிரமாவது வருடம் தையில் மணிவேல் போனில் சொன்னான்: "படம் நல்லாருக்குண்ணே. பேச்சுதான் வெளங்க மாட்டேங்குது. சசி வாயசைக்கிறா, காத்தடிக்கிற சத்தந்தான் கேக்குது. ஒரு நல்ல மைக்கா வாங்குங்களேன்."

ஆகவே மைக் வாங்கச் சொன்னவன் மணிவேல்தான். இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

திருச்சியில் மூன்று செட் காட்டினார்கள். முதலாவது கையில் பிடிக்கிற மைக். இரண்டாவதில் சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன மைக் இருந்தது, ஆனால் தெருவில் மோட்டார் பைக் போனாலே கொரகொரவென்றது. மூன்றாவதுதான் இரண்டு ஆன்டெனா வைத்தது. கடைக்காரர், "கல்யாணத்துக்கு மொத செட்டே போதுங்க" என்றார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடையில் வேலை செய்த பெண்ணை மைக்கைக் குத்திக்கொண்டு கீழே குடோனுக்குப் போகச் சொன்னேன். அந்தப் பெண் படியிறங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, மைக் இருப்பதை மறந்து, "காலு கடுக்குது" என்று தனக்குத்தானே முனகியது. என் காதுக்குள் வந்து சொன்னதுபோல் இருந்தது. அதையே வாங்கினேன்.

மாசியில் மணிவேல் வீட்டுக்குப் போனேன். புருஷன் ஊரில் இல்லாத வீட்டுக்குள் வேற்று ஆம்பளை போகக் கூடாது என்பது குஞ்சம்மாளின் ஏற்பாடு. அதனால் நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசலில் கேமராவோடு நிற்பேன். குஞ்சம்மாள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சசிகலா மைக்கைச் சேலையில் குத்திக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய், ஜன்னலுக்கு ஜன்னல் முகம் காட்டி, "இது அடுப்படி, இது பூசை ரூம்" என்று சொல்லிக்கொண்டே மாடிக்கு ஏறுவாள்.

அன்றைக்கு மொட்டைமாடிக்குப் போனதும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். குரல் இறங்கியது.

"கேமராக்கார அண்ணே. இது அத்தைக்குக் கேக்குமா? கேக்காதுன்னா கேமராவ பக்கவாட்டுல ஆட்டுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். குஞ்சம்மாள் கோழியை விரட்டிக்கொண்டிருந்தார். நான் ஆட்டினேன். மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏங்க, என்னைய இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடுங்க. வெளிக்கதவப் பூட்டி சாவிய உங்கம்மா இடுப்புல சொருகி வெச்சிருக்காங்க. எங்கம்மா வந்துச்சு, வாசலோட திருப்பி அனுப்பிட்டாங்க. நான் ரோட்டுல கால வெச்சு ஒரு வருஷம் ஆவுது. இதப் பாருங்க." இடது கையை முதுகுப் பக்கம் கொண்டுவந்து, எனக்குத் தெரிகிற மாதிரி முழங்கைக்கு மேலே சேலையை விலக்கினாள். சுட்ட கரண்டியின் தடம். கேமராவில் நல்ல ஜூம் இருந்ததால் தெளிவாக விழுந்தது.

குஞ்சம்மாளைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய மூத்த மகன் மனைவியோடு திருப்பூருக்குப் போனவன் திரும்ப வரவேயில்லை. "இவளையும் வுட்டா சின்னவனும் போயிருவான் தம்பி" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அனுப்புகிற ஒவ்வொரு கேசட்டையும் முதலில் என் கடை டிவியில் போட்டுப் பார்ப்பார். அதனால் மாடியில் பேசியதை நான் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டாமல் காட்டியிருந்தால் அன்று சாயங்காலமே சசிகலாவுக்கு இன்னொரு சூடு விழுந்திருக்கும். எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வெட்டாத காப்பி ஒன்றும் போட்டேன். அதுதான் மணிவேலுக்குப் போக வேண்டியது. பீர் முகமது பாய் வந்தபோது இரண்டும் மேஜையில் இருந்தன. ஒன்றை மட்டும் கொடுத்தேன்.

ஏன் என்று கேட்டீர்கள். மணிவேல் அதைப் பார்த்தால் வேலையை விட்டுவிட்டு வருவான், அம்மாவோடு சண்டை போடுவான், ஒரு குடும்பம் இரண்டாகும் என்று நினைத்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்றும் நினைத்தேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் கேசட் எடுக்க வேலை இருக்காது. அதுவும் ஒரு காரணம் என்று சொல்வதுதான் நியாயம்.

அடுத்து ஆனியில் போனேன். மாடியில் போய் நின்றதும் கேட்டாள்: "அனுப்புனீங்களாண்ணே? அனுப்பியிருந்தா மேலயும் கீழயும் ஆட்டுங்க."

ஆட்டினேன்.

"பாத்துட்டாரா?"

ஆட்டினேன்.

"வர்றேன்னாரா?"

இங்கே கொஞ்சம் யோசித்தேன். பார்த்துவிட்டு வரமாட்டேன் என்றான் என்றால் பாவம், மனசு உடைந்துவிடும். மேலும் கீழும் ஆட்டினேன்.

"தீவாளிக்கா?" பக்கவாட்டில் ஆட்டினேன். "பொங்கலுக்கா?" பக்கவாட்டில். "சித்திரைக்கா?" சித்திரைக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது. மேலும் கீழும் ஆட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தி, "இதுதாங்க மொட்டைமாடி, தண்ணித்தொட்டி இங்கதான் வருது" என்றாள். அன்றைக்கு அவள் இறங்கி வந்தபோது முகம் தெளிந்திருந்ததைக் குஞ்சம்மாளே கவனித்தார்.

டேப்பில் படம் ஏன் இப்படி ஆடுகிறது, கேமரா பழுதா என்று உங்கள் ஏட்டையா கேட்டார். கேமராவில் பழுது எதுவும் இல்லை.

ஒருமுறை ஆட்டிவிட்டால் அப்புறம் நிறுத்துவது கஷ்டம், சார். வெட்டாத இரண்டாவது கேசட்டை அனுப்பினால், வெட்டாத முதல் கேசட் எங்கே என்று மணிவேல் கேட்பான். மூன்றாவதை அனுப்பினால் இரண்டும் எங்கே என்பான். அவன் வராத சித்திரைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. லீவு கிடைக்கவில்லையா என்று அவளாகவே கேட்டாள். ஆட்டினேன். அவள் வெளிக்கதவுக்குள் இருந்தாள். நான் கடையில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கும் வெளியே போக வழி இருக்கவில்லை. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இரண்டரை வருடத்தில் ஏழு முறை எடுத்தேன். மாடியில் அவள் பேசியதை மட்டும் ஒரே கேசட்டில் வரிசையாகச் சேர்த்து, மேலே 'தேர்த் திருவிழா' என்று எழுதி வைத்தேன். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஹெட்போன் மாட்டிக் கேட்பேன். தப்பான எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அவள் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிட்டாள். ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி, "என்னத்த அப்படிக் கேக்குறீங்க, கூப்புடுறதுகூடக் காதுல வுழாம?" என்றாள். காற்றுச் சத்தத்தைக் குறைத்துப் பார்க்கிறேன் என்றேன்.

இனி போன ஐப்பசி. புதன்கிழமை போனேன். மாடிக்குப் பெயின்ட் அடித்து முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பாய் கிளம்புவதற்குள் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று மணிவேல் கேட்டிருந்தான். சசிகலா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் மஞ்சளாக இருந்தது. "காச்சலுன்னு ரெண்டு நாளாப் படுத்துக் கெடக்குறா. வேலை செய்ய வலிக்குது, வேற என்ன?" என்றார் குஞ்சம்மாள். அறைகளைக் காட்டும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்றாள். அவள் நின்று மூச்சு வாங்கியது, சேலை உரசியது எல்லாம் எனக்குக் கேட்டது. அந்த மைக்கை நான் குறை சொல்ல மாட்டேன்.

மேலே போனதும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அண்ணே, வலது பக்கம் அடிவயித்துல தாங்க முடியலண்ணே. பச்சையா வாந்தி வருது. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ மாட்டேங்குறாங்க. அவரு ஒரு வார்த்தை போன்ல சொன்னா கேப்பாங்க. இன்னைக்கே அவருக்குப் பேசிச் சொல்லிடுவீங்களா?"

மேலும் கீழும் ஆட்டினேன்.

அப்போது ஜெயங்கொண்டம் போகிற பஸ் ரோட்டில் தூரத்தில் வந்தது. அவள் அம்மா ஊர் அந்தப் பக்கம்தான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்களால முடியாதுன்னா இப்பவே சொல்லிப்புடுங்கண்ணே. நான் இங்கேருந்தே கத்துறேன். பஸ்ஸுல போறவங்க நாலு பேரு எறங்கி வருவாங்க. அத்தை என்ன பண்ணாலும் பண்ணட்டும். கத்தவா, வேணாமா? நீங்க பேசுறதா இருந்தா ஆட்டுங்க."

பஸ் வீட்டுக்கு நேராக வந்துகொண்டிருந்தது. அவள் கத்தினால் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால் கதவு திறக்கும். கதவு திறந்தால் அவள் மணிவேலிடம் பேசுவாள். இரண்டரை வருடமும் அந்த ஒரு பேச்சில் வெளியே வந்துவிடும். இதையெல்லாம் நான் நினைத்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது.

மேலும் கீழும் ஆட்டினேன். அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று இரண்டு முறை ஆட்டினேன்.

பஸ் போய்விட்டது. அவள் கத்தவில்லை. "உங்களுக்குப் புண்ணியமாப் போவும்ணே" என்றாள்.

வெள்ளிக்கிழமை பாய் கடைக்கு வந்தார். மேஜையில் இருந்த கேசட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வேற ஏதும் இருக்கா தம்பி? நேத்து அந்த வழியா வந்தேன். அந்தப் புள்ள மாடியில சுருண்டு உக்காந்திருந்துச்சு. மணிவேல்ட்ட சொல்லட்டுமா?" என்றார். "காச்சல்தான் பாய். மாத்திரை குடுத்துட்டாங்க" என்றேன். பாய் என் வார்த்தையை நம்பினார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. குஞ்சம்மாள் வந்து சேரும்வரை மணிவேல் என்னிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"சசி நல்லாருக்காளாண்ணே?"

"நல்லாருக்குப்பா."

"ஏதும் கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல."

திங்கட்கிழமை காலையில் குஞ்சம்மாளே பயந்துபோய் வேன் பிடித்தார். பெரம்பலூர் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. குடல்வால் வெடித்து நாலு நாளாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். புதன்கிழமையே கொண்டுபோயிருந்தால் சின்ன ஆப்பரேஷன்தானாம்.

மணிவேல் ஒரு வாரம் கழித்து வந்தான். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கடையில் வந்து உட்கார்ந்தான். எல்லாக் கேசட்டையும் வரிசையாகப் போட்டுக் காட்டினேன். அடுப்படி, பூசை ரூம், தண்ணித்தொட்டி. பார்த்து முடித்ததும், "என்கிட்ட ஒரு கொறையும் சொன்னதில்லண்ணே. சந்தோசமாத்தான் இருந்திருக்கா" என்று அழுதான்.

அது எனக்குப் பொறுக்கவில்லை, சார். அவள் அத்தனை சொல்லியிருக்கிறாள். எப்போது எந்த வார்த்தை சொன்னாள் என்பதுகூட எனக்கு மனப்பாடம். இவன் ஒன்றுமே தெரியாமல் சந்தோசமாக இருந்தாள் என்கிறான். நானே எழுந்துபோய் 'தேர்த் திருவிழா' கேசட்டை எடுத்துப் போட்டு, ஹெட்போனை அவன் காதில் மாட்டிவிட்டேன். கடைசிவரை கேட்டான். என்னை அடிக்கவில்லை. கேசட்டை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டான்.

அவளைச் சாகவிட்டது நான்தான். புதன்கிழமை ஆட்டியது பொய், தெரிந்தே ஆட்டினேன். என் கடையில் போன் இருந்தது, நான் அதை எடுக்கவில்லை. இதில் கையெழுத்துப் போடச் சம்மதிக்கிறேன்.

ஆனால் ஒன்றைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்குச் சொல்லி அழக்கூட ஒரு நாதி இல்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை. இரண்டரை வருடமும் அவள் சொன்னதையெல்லாம், ஒரு மூச்சுகூட விடாமல், கூடவே இருந்து கேட்டவன் நான்.